தகப்பனார் தொழில்: கூலி

வேலைப் பாரத்தில் கேட்கிற எல்லாக் கேள்வியும் ஒரே சாதி கிடையாது. (சாதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.) சில கேள்விகளைக் கதவைத் திறப்பதற்காகக் கேட்கிறார்கள். சில கேள்விகளைக் கதவைச் சாத்துவதற்காகக் கேட்கிறார்கள். நாமோ ரெண்டுக்கும் ஒரே பவ்யத்தோடு, பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுதான் என் பிராது.

நான் வங்கியில் கிளார்க். பகலெல்லாம் பாரத்தோடுதான் பிழைப்பு. சாயங்காலம் தெருவுக்குத் திரும்பினால் அங்கேயும் பாரம்தான். பிளஸ் டூ, டிப்ளமோ, டிகிரி முடித்த பிள்ளைகள் போனும் கையுமாக வந்து நிற்கும். "அண்ணே, இதுல என்னத்தண்ணே போடுறது?" பேர், பிறந்த தேதி, மார்க்கு இதிலெல்லாம் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சந்தேகம் வருகிற கட்டம் எப்பவும் அதே அஞ்சாறுதான்: சாதி, மதம், தகப்பனார் தொழில், நிரந்தர முகவரி, கல்யாணம் ஆச்சா, உங்கள் பேரில் வழக்கு உண்டா. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு இதே கட்டங்களை நிரப்ப அஞ்சு நிமிஷம் பிடிக்காது. நம்ம பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நிற்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு?

முதலில் சாதிக் கட்டம். அரசாங்க வேலை, ரயில்வே, பொதுத்துறை வங்கி இங்கெல்லாம் கேட்கிற சாதி, நாம் கேட்டு வாங்கிய கேள்வி. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர் என்று ஆட்கள் சட்டமன்றத்திலும் வட்டமேசையிலும் நின்று பேசியதால் வந்த கட்டம் அது. அதில் எஸ்.சி. என்று குறிப்பதற்கு ஒருத்தரும் கூச வேண்டியதில்லை. அருந்ததியர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பாரங்களில் 2009க்குப் பிறகு உள் ஒதுக்கீட்டுக்கான தனி வகை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் பொதுவாக எஸ்.சி. என்று குறித்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இன்னொரு ரகம் உண்டு. "நான் மெரிட்லயே போறேன்ணே, எஸ்.சி. போடல" என்று நெஞ்சை நிமிர்த்துகிற ரகம். அந்தத் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.சி. என்று குறித்தவன் வயதுச் சலுகை போன்ற தளர்வு எதுவும் எடுக்காமல் பொது வரிசை மார்க்கைத் தொட்டால், மத்திய அரசு விதிப்படி அவனைப் பொது இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒதுக்கீட்டு இடம் இன்னொரு தலித்துக்கு மிச்சம். குறிக்காமல் விடுவதால் யாருக்கும் லாபமில்லை. 2024இல் வந்த ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வு அறிவிப்பில் பொதுவான கட்டணம் 850 ரூபாய், எஸ்.சி.க்கு 175. வீராப்புக்கு விலை 675 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினாலு பதினாலாகக் கூறு போட்டுக் கொடுத்துவந்தார்கள். பார்ப்பனரல்லாத இந்துவுக்கு 6, பிற்பட்ட இந்துவுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டவருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிமுக்கு 1. அந்த வகுப்புவாரி ஆணையை 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தேன், பார்ப்பனர் என்பதால் இடம் கிடைக்காதென்று தெரிந்தது என்றார், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பிலேயே இது இருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சரிக்கட்டத்தான் அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. ஒரு கட்டம்கூட நிரப்பாமல் ஒருத்தர் போட்ட குறை, நாட்டையே எழுந்து நிற்க வைத்தது. நம்ம பிள்ளை அத்தனை கட்டத்தையும் நிரப்பி, அத்தனை சான்றிதழையும் இணைத்து, ஆறு மாசம் தபாலை எதிர்பார்த்துக் கிடந்து, பதில் வராவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டான். தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வான்.

தனியாருக்கு வருவோம். எங்கள் பாரத்தில் சாதிக் கட்டமே கிடையாது, தகுதி திறமை மட்டும்தான் பார்க்கிறோம் என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரத்தில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒண்ணுபோல. பேர் மட்டும் வேறே. ஒன்று உயர்சாதி என்று தெரிகிற பேர், ஒன்று தலித் என்று தெரிகிற பேர், ஒன்று முஸ்லிம் பேர். 2007இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் முடிவு வந்தது. உயர்சாதிப் பேருக்கு அழைப்பு வருகிற வாய்ப்போடு வைத்துப் பார்த்தால் தலித் பேருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. சாதியைக் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். அதே வருஷம் அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய கம்பெனிகளின் ஆள் எடுக்கிற அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்த அதே அதிகாரிகள், 'குடும்பப் பின்னணி' கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைதான் நல்ல ஊழியனாம்.

இதெல்லாம் வடக்கே, அங்கே பேருக்குப் பின்னாலேயே வால் தொங்குகிறது, தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே வாலை அறுக்கச் சொல்லியாகிவிட்டது, இங்கே இன்ஷியல் மட்டும்தான் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாலை அறுத்த ஊரில் மோப்பம் பிடிக்கிற மூக்கு கூர்மையாகிவிட்டது. எந்த ஊரு? மாயவரம் பக்கம். மாயவரத்துல? கொஞ்சம் உள்ள போகணும் சார். உள்ளன்னா எந்தத் தெரு? குலசாமி எது? பட்டப்படிப்பு முடித்த கையோடு ஒரு தனியார் கம்பெனி நேர்முகத்துக்குப் போனபோது இதே வரிசையில்தான் என்னையும் இறக்கிக்கொண்டு போனார்கள். படிப்பைப் பற்றி ரெண்டு கேள்வி, ஊரைப் பற்றி ஆறு கேள்வி. "கீழத்தெரு சார்" என்றேன். எங்கள் பக்கத்தில் கீழத்தெரு என்றால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அவரும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த என் பாரத்தைத் திருப்பி வைத்தார். சிரித்த முகமாகத்தான் "லெட்டர் போடுறோம் தம்பி" என்றார். லெட்டர் வரவில்லை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஊரையும் தெருவையும் நேர்முகத்தில் வாயால் கேட்கிறார்கள். பாரத்தில் அதே வேலையைச் செய்கிற கட்டம் ஒன்று இருக்கிறது: தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில்.

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அமாவாசை, பிச்சை, குப்பன் என்று நம் அப்பன்களுக்கு, தாத்தன்களுக்கு வைத்த பேர் பாதி, நாமாக ஆசைப்பட்டு வைத்ததல்ல. முருகேசன் என்று வைத்தால் பண்ணையில் அடி விழுந்த காலம் இருந்தது. பிள்ளைக்கு நல்ல பேர் வைத்தாகிவிட்டது, அதற்கு முன்னாலிருக்கிற ஒரு எழுத்தைப் பாரம் விரித்து எழுதச் சொல்கிறது. விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் தன் தகப்பனார் ராமசாமிக்குத் தொல்காப்பியன் என்று பேர் வைத்தார். மகன் தகப்பனுக்குப் பேர் வைப்பதா என்று சிரித்தவர்கள் உண்டு. வேலைப் பாரத்தில் அப்பன் பேர் எழுதும்போது பக்கத்தில் இருக்கிறவன் எட்டிப் பார்க்கிற அனுபவம் இருந்தால் சிரிப்பு வராது.

தொழிலுக்கு வருகிறேன். நம்ம ஆட்கள் இந்தக் கட்டத்துக்கு ரெண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று 'விவசாயம்'. அப்பனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது, பட்டா கிடையாது, பாரத்தில் மட்டும் விவசாயி. இன்னொன்று 'கூலி'. கவிதை எழுதுகிறவன் என்பதால் இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு கண் உண்டு. சுடுகாட்டில் குழி வெட்டுகிறவர், சாவுக்குப் பறையடிக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், செங்கல் சூளையில் கிடப்பவர், கரும்பு வெட்டப் போகிறவர், ஏரி வேலைக்குப் போகிற ஆத்தா எல்லாரும் இந்த ரெண்டெழுத்துக்குள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பேரை ஒளித்து வைத்த சொல் தமிழில் வேறு இருக்குமா தெரியவில்லை.

நேர்மையாக ஒன்று கேட்போம். கடன் வசூல் கம்பெனியில் கணக்கு எழுதப் போகிற பெண்ணுடைய அப்பா என்ன வேலை செய்தால் கம்பெனிக்கு என்ன? அப்பாவா கணக்கு எழுதப் போகிறார்? இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், சும்மா ஒரு தகவலுக்குத்தான் என்பார்கள். சும்மா கேட்கிற தகவல்தான் நம்மைப் பல இடத்தில் வெளியே நிறுத்தியிருக்கிறது. 'தகப்பனார் தொழில்' என்பது மனுதர்மத்தை மரியாதையாக, கட்டம் போட்டுக் கேட்பது. பிறப்பால் தொழில், தொழிலால் பிறப்பு. அவர்கள் அப்படி நினைத்து அச்சடிக்கவில்லை, பழைய பாரத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சாதி அப்படித்தான் நடக்கிறது. யாரும் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை, பழைய பாரத்தை அப்படியே வைத்துக்கொண்டால் போதும்.

சமீபத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.காம்., போனில் ஒரு பாரத்தைக் காட்டினாள். அப்பா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். "குப்ப வண்டின்னு போட்டா கவுண்டர்ல உக்கார வைப்பானாண்ணே?" என்கிறாள். காகிதப் பாரமாக இருந்தால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம். நம் ஆட்களுக்கு அந்தக் கோடு ஒரு பாதுகாப்பு. இப்போது போனில் வருகிற பாரத்தில் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது; காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நவீனம் வந்து நம்மிடமிருந்து பிடுங்கியது அந்தக் கோட்டைத்தான். 'உள்ளாட்சிப் பணியாளர்' என்று போடும்மா என்றேன். பொய்யுமில்லை, அவர்களுக்குத் தீனியுமில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கப்பாவ நானே மறைக்கிற மாரி இருக்குண்ணே" என்றாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பதிவேட்டில் பார்சிப் பேர் ஒன்றை எழுதிவிட்டுத் தங்கினார். விடுதிக் காவலாளிக்கும் தெரிந்தே நடந்தது. பதினோராவது நாள் தடியோடு ஒரு கும்பல் வந்து அவரை வெளியேற்றியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார், மறைக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் தப்பான பேர் எழுதியதற்காக அம்பேத்கரைப் பொய்யர் என்று எந்தத் தலித்தும் சொல்ல மாட்டான். கேள்விதான் அசிங்கம். கேட்டவனிடம் போய்ச் சேர வேண்டிய வெட்கத்தைப் பதில் எழுதுகிறவள் எதற்குச் சுமக்க வேண்டும்?

நிரந்தர முகவரியிலும் இதே கதைதான். ஊர், காலனி, அதற்கொரு தெரு. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. அறிவிப்பு வந்துவிட்டது, ஆதார் அட்டையில் அடித்திருப்பது அப்படியே கிடக்கிறது. மூக்குள்ளவனுக்கு அம்பேத்கர் நகரும் காலனியும் ஒன்றுதான் என்பதும் தெரிந்ததுதான். தபால் அனுப்ப ஒரு முகவரி போதும். நிரந்தர முகவரி என்று இரண்டாவதாக எதற்கு என்பதே கேள்வி.

மதக் கட்டம் இன்னும் சிக்கல். ஏனென்றால் அந்த ஒரு கட்டத்தில் ரெண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவனாகவோ முஸ்லிமாகவோ போன தலித்துக்குக் கதவு சாத்தியபடியே இருந்துவருகிறது. தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கு பி.சி. பட்டியலில் இடம். சேரியில் அவன் வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, டீக்கடையில் அவனுக்கு ஆன மரியாதையும் மாறவில்லை, கல்லறையிலேகூடத் தனிச் சுவர் உண்டு. பாரத்தில் மட்டும் ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிடுகிறது. புதுச்சேரியில் மேல்நிலை எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்ட பெண்ணுக்கு, நீ ஞானஸ்நானம் பெற்றவள், தேவாலயத்துக்குப் போகிறவள், வேலைக்காக இந்து என்கிறாய் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. இந்த மாற்றங்களை ஆராய கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஒரு ஆணையம் போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருகிறார் என்றால் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைக் கழற்றுகிற வீடுகளை எனக்குத் தெரியும். படித்த நண்பர்கள் அதை வேஷம் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கடவுளுக்கும் குமாஸ்தா வேலைக்கும் நடுவில் ஒரு மனுஷியை நிறுத்திவிட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்கிற உரிமையை யார் கொடுத்தது?

பெண்களிடம் கேட்கிற கேள்வியை எழுதவே கை கூசுகிறது. எல்.ஐ.சி. தன் பாரத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை தடவை கர்ப்பம், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. 1989இல் வேலைக்குச் சேர்ந்து மகப்பேறு விடுப்பு எடுத்த நீரா மாத்தூரை, அந்தக் கட்டத்தில் தவறான தகவல் தந்தாய் என்று நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகள் சங்கடமானவை மட்டுமல்ல, அவமானகரமானவை, எடுத்துவிடுங்கள் என்றது. எடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து ஸ்டேட் வங்கி, மூணு மாசத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கிற பெண் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று சுற்றறிக்கை விட்டது. 2022 ஜனவரியில் டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் கொடுத்து, நாலா பக்கமும் சத்தம் வந்தபிறகு நிறுத்திவைத்தார்கள். ஒரு தடவை அடித்தால் சாகிற பாம்பில்லை இது.

வழக்குக் கட்டத்தில்தான் நம் பையன்கள் அதிகமாக அடிபடுகிறார்கள். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் தகராறு, கொடிக்கம்பத்தை வெட்டியதில் தகராறு, தேர் வரும் தெருவில் தகராறு. அடிபட்டவன் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், சமரசத்துக்கு இழுப்பதற்காகவே எதிர்ப் புகார் வாங்கி அவன் பேரையும், அவனோடு கல்லூரிக்குப் போகிற தம்பி பேரையும் சேர்த்துப் போடுவார்கள். 147, 148 என்று ரெண்டு எண். (2024 ஜூலைக்குப் பிறகு சட்டத்தின் பேரும் எண்ணும் மாறிவிட்டது, போடுகிற ஆளும் போடப்படுகிற ஆளும் மாறவில்லை.) ஆறு வருஷம் வாய்தாவுக்கு அலைந்து விடுதலையாகி வந்து பார்த்தால், போலீஸ் விசாரணைப் பாரத்தில் கேள்வி: எப்போதாவது கைது செய்யப்பட்டீரா?

இங்கே நான் சொல்கிற யோசனை வேறு. அரசு வேலைப் பாரத்தில் இந்தக் கட்டத்தை மறைக்காதீர்கள். கேட்டால், இருப்பதை அப்படியே எழுதுங்கள். குற்ற எண், நீதிமன்றம், விடுதலையான தேதி சகிதம். அப்பா தொழிலை மறைத்தால் யாரும் வேலையைப் பிடுங்க முடியாது, வழக்கை மறைத்தால் பிடுங்குவார்கள். வழக்கைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி மன்னித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு முன்னால் 2011இல், டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு இளைஞனுக்காக நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ஒரு ரொட்டிக்காகத் திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட விக்டர் ஹியூகோவின் ழான் வல்ழானைத் தீர்ப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். நீதிபதிக்கு நாவல் படிக்கிற பழக்கம் இருந்தது அந்தப் பையன் செய்த புண்ணியம். மன்னிக்கலாம் என்பது அதிகாரியின் கையில் இருக்கிற வரைக்கும் அந்த அதிகாரி எந்தத் தெருக்காரர் என்பதும் கூடவே வரும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஓட்டையோடு இருக்கிறது. வேலையில் சாதி, மதம் பார்க்கக்கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்கு மட்டும். 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை காரணமாக ஒருத்தரை எந்த வேலையிலிருந்தும் தடுப்பதைக் குற்றம் என்கிறது; ஆனால் பாரத்தைத் திருப்பி வைத்து "லெட்டர் போடுறோம்" என்று சிரிக்கிறவனிடம் தீண்டாமையை எப்படி நிரூபிப்பாய்? தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2011 விதிகளில் 'கூருணர்வுத் தகவல்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கடவுச்சொல் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, உடல்நிலை இருக்கிறது. சாதி இல்லை. 2019இல் கொண்டுவந்த மசோதாவில் சாதியும் மதமும் அந்தப் பட்டியலில் ஏறின. 2023இல் சட்டமாக வந்தபோது அப்படி ஒரு தனிப் பட்டியலே இல்லாமல் போய்விட்டது. இந்த நாட்டில் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். சாதி கசிந்தால் எதை மாற்றுவது?

அப்படியானால் எந்தப் பாரத்திலும் சாதியைக் கேட்கவே கூடாது என்கிறாயா என்று தோழர்கள் மடக்குவார்கள். கேட்காவிட்டால் தனியார் துறையில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது? எண்ணிக்கை இல்லாமல் இடஒதுக்கீடு எப்படிக் கேட்பது? நியாயமான மடக்கு. சாதி இல்லை என்று சொல்லி எண்ணவிடாமல் தடுப்பவனும், மோப்பம் பிடித்து ஒதுக்குபவனும் பல சமயம் ஒரே ஆள்தான்.

வட அயர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர் பிரிவினை. பேர், படித்த பள்ளிக்கூடம், குடியிருக்கிற தெரு இந்த மூன்றை வைத்து ஆளை எடை போட்டு வேலைக்கு வெளியே நிறுத்துவார்கள். நம்ம ஊர்க் கதைதான். 1989இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் முழுநேர ஊழியர் வைத்திருக்கிற முதலாளி யாராக இருந்தாலும் அரசிடம் பதிவு செய்து, ஊழியர்களில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்வி தனித்தாளில் இருக்கும். நேர்முகம் எடுக்கிறவர் கண்ணில் அந்தத் தாள் படக்கூடாது. கேள்வி ஒன்றுதான், யார் கையில் போகிறது, எதற்காகப் போகிறது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

அயர்லாந்துவரைக்கும் போக வேண்டியதில்லை, என் மேசையிலேயே ஒரு உதாரணம் உண்டு. கடன் பாரத்தில் எஸ்.சி., எஸ்.டி.யா என்று ஒரு கட்டம். மொத்தக் கடனில் நம் ஆட்களுக்கு எவ்வளவு போனது என்று மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப அது வேண்டும். அதோடு, எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் தள்ளுபடி செய்யக்கூடாது, அடுத்த மட்ட அதிகாரிதான் காரணம் எழுதித் தள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை சொல்கிறது. எல்லாக் கிளையிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: இல்லை என்று சொல்கிறவன் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்கும் இதையே கேட்போம். ஆள் எடுத்து முடிகிறவரைக்கும் ஊர், தெரு, அப்பன் தொழில், மதம், கல்யாணம் எதுவும் கேட்காதே. எடுத்து முடித்தபிறகு தனித்தாளில் சாதியைக் கேள், கணக்கை ஊரறியப் போடு. தொழிற்சங்கங்கள் போனஸுக்கும் ஊதிய ஒப்பந்தத்துக்கும் கொடி பிடிக்கிற நேரத்தில் கால்வாசி இதற்கு ஒதுக்கட்டும். (எங்கள் சங்கத்துத் தோழர்களும் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.)

அது வருகிறவரைக்கும் நாமாகச் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. பயோடேட்டா. யாரும் கேட்காத கேள்விக்கு நாமே பதில் எழுதி வைக்கிற காகிதம் அது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மாதிரிதான் கிடக்கிறது. பேரையும் மார்க்கையும் மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே அடித்துக் கொடுக்கிறார். அதில் தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், மதம், இனம், திருமண நிலை, நிரந்தர முகவரி எல்லாம் வரிசையாக இருக்கிறது, ஏதோ பெண் பார்க்கப் போகிற ஜாதகம் மாதிரி. எந்தக் கம்பெனி இதைக் கேட்டது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் போடுறது தம்பி, விட்டா நல்லாருக்காதே" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த ஆறு வரியையும் அழித்து, பேர், போன் நம்பர், படிப்பு, தெரிந்த வேலை, செய்த வேலை இவ்வளவு மட்டும் வைத்து ஒரு பக்கத்தில் வேறொரு மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறேன். கீழே காலி இடம் நிறைய வருகிறதே என்று அவருக்குத்தான் வருத்தம். நம்ம பிள்ளைகள் போனால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒரு தாள் பத்து ரூபாய்.